விஞ்ஞானச் சொற்களில் ‘அட்’ என்னும் முன்னொட்டு

ஆங்கில விஞ்ஞானச் சொற்களின் உச்சரிப்புக்கு ஒழுங்கில்லை என்றும், பொருளறிந்தார்க்கு ஒலியைப் பற்றிய கவலை வேண்டா என்றும் மாணவரிடையே ஒரு கருத்து நிலவுகின்றது. இலத்தீன் மொழியிலிருந்து வந்த ‘அட்’ என்னும் ஒரு முன்னொட்டைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தின் தகுதியை ஆராய்வாம்.

‘அட்’ என்பது ‘நோக்கி’, ‘பால்’ எனப் பொருள்படுவது. பின்வரும் மெய்க்கேற்பத் திரியும் இயல்பினது. விரைவினைக் குறிக்கும் அடியோடு சேர்ந்து ‘அக்செலரேஷன்’ எனவும், இன்மையைக் குறிக்கும் அடியோடு சேர்ந்து ‘அனையலேஷன்’ எனவும், ஒப்புமையைக் குறிக்கும் அடியோடு சேர்ந்து ‘அசிமிலேஷன்’ எனவும் நிற்கும். ஓரொலி அயலொலியின் தன்மையை அடைதலை மொழிநூலார் அசிமிலேஷன் என்றே வழங்குவர். அச்சொல் தனக்குத் தானே சான்றாதல் காண்க.

சுட்டின்முன் வல்லினம் மிகுந்து அக்காலம், அச்சொல், அப்பொருள் என வருதலை நன்னூல் கற்றோர் அறிவர். தோற்றத்தில் இரண்டும் ஒத்தனபோற் காணப்படினும், தமிழில் மிக்க மெய் முழுமையாக ஒலிக்கும். ஆங்கிலத்திலோ இரட்டித்தல் பெரும்பாலும் எழுத்தளவில் நின்றுவிடும். இவ்வேற்றுமையை உணராமையாலேயே நம்மவர் ‘அன்னிகிலேஷன்’, ‘அஸ்ஸிமிலேஷன்’ என ஒலிக்கின்றனர். அக்செலரேஷன் என்பதிலோ இரட்டித்த எழுத்து இரண்டும் ‘க்’, ‘ஸ்’ என வெவ்வேறாக ஒலிக்கும். மேற்காட்டிய மூன்று சொற்களும் ஐந்தசையின. மூன்றிலும் தலையாய அழுத்தம் ஈற்றயலசையிலேயே விழும். ஒழுங்கில்லை என்னும் கூற்று இதனால் வலியிழக்கின்றது.

இனி, ஒலியைப் பற்றிய கவலை வேண்டா என்பாரை நோக்குவாம். உடலின் நடுக்கோட்டை நோக்கி உறுப்பைக் கொணர்தல் ‘அடக்ஷன்’. அதனின்று விலக்குதல் ‘அப்டக்ஷன்’. இரண்டும் மூவசைச் சொற்கள். இரண்டிலும் அழுத்தம் நடுவசைக்குரியது. எதிர்மறையான இரு பொருள்களையும் பிரிப்பது அழுத்தம் இழந்த முதலசை ஒன்றே. இதனாலன்றோ மருத்துவ ஆசிரியர் பலர் முதலசையை ‘ஏ-டி’, ‘ஏ-பி’ என எழுத்துக்கூட்டி உரைக்கின்றனர்! இரசாயனத்திலும் இவ்வாறே. ஒரு பொருள் மற்றொன்றின் உள்ளே ஏற்கப்படுதல் ‘அப்ஸோர்ப்ஷன்’. மேற்பரப்பில் மட்டும் ஒட்டிநிற்றல் ‘அட்ஸோர்ப்ஷன்’. பின்னையது 1881ஆம் ஆண்டில் ஜேர்மானிய பௌதிக அறிஞர் ஹைன்ரிக் கைசர் வழக்கிற் கொணர்ந்த சொல். இங்கு ‘அட்’ திரியாது நிற்றலே பொருளைத் தெளிவாக்குகின்றது.

நாட்டுக்கு நாடு உச்சரிப்பு வேறுபடுதல் இயல்பே. அதனைப் பிழையென்பார் இலர். பொருளைப் பிறழச் செய்யும் ஒலிப்பே கடியத்தக்கது. சொற்பட்டியலை நெட்டுருப் பண்ணுவித்தல் இதற்கு மருந்தாகாது. முன்னொட்டையும் அடியையும் பிரித்துக் காட்டி, அழுத்தம் விழும் அசையை உணர்த்துதலே ஆசிரியர் செய்யத்தக்கது. புணரியல் கற்ற நம் மாணவர்க்கு இம்முறை புதியதுமன்று, அரியதுமன்று.