நடைபவனியும் பேரணியும்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அதை 'நடைபவனி' என்று எழுதும். சென்னைப் பத்திரிகைக்கு அது 'விழிப்புணர்வுப் பேரணி'. அண்மைக் காலமாக 'வாக்கத்தான்'. புற்றுநோய்க்கு எதிராக மக்கள் திரண்டு நடப்பதைத்தான் எல்லாச் சொற்களும் குறிக்கின்றன. ஆனாலும் பவனி என்றால் ஊர் ஊராகப் போவது நினைவுக்கு வருகிறது. பேரணி என்றால் கூட்டமும் பதாகையும். நடக்கும் விதத்திலும் ஏறக்குறைய அந்த வேறுபாடுதான்.

2011 ஜூலையில், போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து ஒரு கூட்டம் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. 'ட்ரெயில்' என்று பெயர். 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து பருத்தித்துறையை அடைந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பப் பணம் திரட்டுவதே நோக்கம். 20 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2013இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

அந்தத் தூரத்துக்கு ஒரு பொருள் இருந்தது. வடக்கில் புற்றுநோய் வந்தவர்கள் பலர் கொழும்புக்கு அருகே மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரில் மூடிக் கிடந்த ஆண்டுகளில் கப்பலையோ விமானத்தையோ எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்; கையில் 'பாஸ்' என்னும் பயண அனுமதி வேண்டும். நோயின் வலியோடு வழியின் வலியையும் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள். தெற்கிலிருந்து நடந்து வந்தவர்கள் அந்தத் தொலைவைக் காலால் அளந்தார்கள். வெறும் காசோலை வந்திருந்தாலும் கட்டடம் எழும்பியிருக்கும். ஆனால் அப்போது, சிங்களம் பேசும் ஒருவர் ஆனையிறவு வெயிலில் வியர்த்து நடந்து வருவதை ஒரு தமிழ்த் தாய் வாசலில் நின்று பார்த்திருக்க மாட்டாள்.

2016இல் திசை மாறியது. பருத்தித்துறையில் தொடங்கிய நடை 28 நாட்களில் தெய்வேந்திரமுனையில் முடிந்தது. இம்முறை காலி, கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. இளவயதில் தம்பியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தன அதன் முகமாக நின்றார். தெற்கு வடக்குக்காக நடந்தது. ஐந்து ஆண்டுகளில் வடக்கிலிருந்து தெற்குக்காக நடந்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

சென்னைக்கு வருவோம். இங்கே நடை ஒரு காலைப் பொழுதோடு முடிந்துவிடுகிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் கூடுகிறார்கள். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், மூன்று அல்லது ஐந்து கிலோமீட்டர், ஒன்பது மணிக்குள் வீடு. மிலிந்த் சோமன் 2012இல் மும்பையில் தொடங்கிவைத்த, பெண்களுக்கான 'பிங்கத்தான்' ஓட்டமும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகவே. இதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. மார்பில் கட்டியென்று கணவரிடம்கூடச் சொல்லக் கூசி மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தடை தூரம் அல்ல, வாய் திறக்க முடியாத கூச்சம். நடுத்தெருவில் அந்த நோயின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு பெண்கள் நடப்பது அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் கரைக்கிறது.

ஆராய்ச்சி என்று பார்த்தால் தமிழ்நாட்டுக்கு வேர் ஆழம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, ஊரெல்லாம் நிதி திரட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இன்று சிகிச்சையும் ஆராய்ச்சியும் சேர்ந்து நடக்கும் இடம். ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் டெரி ஃபாக்ஸ் நினைவு ஓட்டமும் நடந்திருக்கிறது. ஓடலாம், நடக்கலாம், பரிசு கிடையாது. எலும்புப் புற்றுநோயில் வலக்காலை இழந்த அந்தக் கனடா இளைஞர் 1980இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியது ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கத்தான். இலங்கை நடைபவனி கட்டில்களையும் கட்டடத்தையும் தந்தது. அரசு வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கும் நாட்டில் மக்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆய்வுக்கென்று அங்கே ஒரு நெடுநடை வர வேண்டும்.

நெடுநடை இரு கரைக்கும் புதிதல்ல. செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை வாரக்கணக்கில் நடப்பவர்கள் அங்கே. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் இங்கே. வழியெல்லாம் முகம் தெரியாதவர்கள் மோரும் சோறும் தருகிறார்கள். இவ்வளவு பழக்கம் இருந்தும் நம் புற்றுநோய் நடை ஏன் கடற்கரை மணலிலேயே நின்றுவிடுகிறது?

அடையாறு நிலையத்திலிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குச் சுமார் 75 கிலோமீட்டர். நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் பேருந்தில் நாள்தோறும் போய்வரும் சாலை அது. மூன்று நாளில் நடந்துவிடலாம். இரண்டாம் இரவு ஸ்ரீபெரும்புதூரில் தங்கலாம். சோறு போட ஆள் வருவார்கள்.