உவமையும் உடம்பும்

தமிழ்ப் புலவர் பெண்ணை வருணிக்கும்போது கூந்தலில் தொடங்கி அடியில் முடிப்பது பழைய வழக்கு. கேசாதிபாதம் என்று அதற்குப் பெயர். இன்று இளம்பெண்கள் பலர் தம் உடலமைப்பில் நிறைவின்றி, உண்ண வேண்டிய வயதில் உணவைக் குறைத்து வாடுகின்றனர். இதற்கு மூலகாரணம் அந்த வருணனைகளே என்பார் சிலர். இல்லாத இடையைப் பாடிப் பாடி, இருக்கும் இடையைக் குறையாக்கி விட்டார்கள் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. ஆராயாமல் அதனை ஏற்பதும் முறையன்று, தள்ளுவதும் முறையன்று.

கரிகாற் பெருவளத்தானை முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் பாடினிக்கு நெற்றி பிறை, புருவம் வில், தோள் மூங்கில், தொடை பெண் யானையின் துதிக்கை, இடையோ உண்டென்று உணரவே இயலாதது. இவற்றையெல்லாம் ஓர் உடம்பில் பொருத்திப் பார்த்தால் அப்படியொருத்தி நடமாடவே முடியாது. இது புலவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். ஆனால் அடிக்கு வந்ததும் புலவரின் பார்வை மாறுகிறது. ஓடி இளைத்த நாயின் நாவைப் போன்ற அந்தச் சிற்றடியில், பருக்கைக் கற்கள் உறுத்தியதால் எழுந்த கொப்புளங்களை அவர் காண்கிறார். உச்சியில் உவமையாகத் தொடங்கியவள் அடியில் பசித்து நடந்த ஏழைக் கலைஞியாகி விடுகிறாள். வருணனையின் உயிர் அந்தக் கொப்புளத்தில் இருக்கிறது.

அரபுக் கவிதையிலும் இத்தகைய மரபு உண்டு. நஸீப் எனப்படும் தொடக்கப் பகுதியில் பிரிந்து சென்ற காதலியின் எழிலைப் பாடிய பின்னரே கவிஞர் தம் பொருளுக்கு வருவார். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் 'பானத் சுஆத்' கஸீதாவை நாயகம் (ஸல்) அவர்கள் திருமுன் பாடியபோதும் சுஆதின் பிரிவையும் எழிலையும் பாடித்தான் தொடங்கினார்கள். அவையோர் அதனைக் கவிமரபாகவே கேட்டனர். சுஆதைப் போல் இல்லையே என்று எந்தத் தாயும் தன் மகளை நொந்துகொள்ளவில்லை.

ஆகவே மரபு குற்றவாளியன்று. ஆனால் பின்வந்த போலிப் புலவர்களுக்கு இந்த விடுதலை இல்லை. அவர்கள் உவமைப் பட்டியலை எடுத்துக்கொண்டு கொப்புளத்தை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வாரிசாக வந்தது விளம்பரம். உவமை தன்னை உவமை என்று ஒப்புக்கொள்ளும். புகைப்படமோ தன்னை உண்மை என்றே சாதிக்கும். 1975இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு முகப்பூச்சு, சிவப்பும் அழகும் ஒன்றே என்று தன் பெயரிலேயே பறைசாற்றிற்று. 2020இல்தான் 'ஃபேர்' என்ற சொல் அப்பெயரினின்று நீங்கியது. இப்போது கைப்பேசியே முகத்தை வெளுப்பித்து, கன்னத்தை ஒடுக்கித் தருகிறது. மன்னார்புரத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவி, பிறர் முகத்தோடு மட்டுமன்று, தன் சொந்தப் பொய்முகத்தோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

இதன் விளைவுக்குப் பிஜித் தீவு சான்று. அங்குள்ள பூர்வகுடியினர் பருத்த உடம்பையே நலமென மதித்தவர்கள். 1995இல் அங்கு ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆன் பெக்கர் ஆராய்ந்த மாணவியருள், உடல் மெலிய வேண்டித் தாமே வாந்தியெடுத்தவர் அவ்வாண்டில் ஒருவருமில்லை, 1998இல் 11.3 விழுக்காட்டினர். நம் நாட்டிலோ 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இந்நிலையில் நம் மகள் உணவை ஒதுக்குவது அழகுக்கலையா?

பழியை விளம்பரத்தின் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் தப்பிவிட முடியாது. பெண் பார்க்கப் போன வீட்டில், "பிள்ளை கொஞ்சம் கனம்" என்றும், "நிறம் மட்டுந்தான்..." என்றும் இழுப்பவர்கள் யார்? நம் வீட்டுப் பெரியவர்கள்தாமே! பெண்கள் பெண்களைப் பரிகசிக்க வேண்டாம் என்று திருமறை (49:11) தனியே எடுத்துக் கூறித் தடுத்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலினர்; மெல்ல நடப்பவர். ஹஜ்ஜின்போது கூட்டத்திற்கு முன்பே முஸ்தலிபாவிலிருந்து புறப்பட அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அங்கே உடல்நிலை அறிந்த உதவி இருந்தது, ஏளனம் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மெலிந்திருந்தபோது ஓட்டத்தில் நாயகத்தை முந்தினார்கள். பின்னர் உடம்பு கனத்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, முன்னைய தோல்விக்கு இது ஈடென்று சிரித்தார்கள். இதனை நமக்கு அறிவித்தவரே அன்னை ஆயிஷாதான். தம் உடம்பு பருத்ததைக் கூசாமல், ஓர் இனிய நினைவாக அவர்களால் சொல்ல முடிந்தது. தம் இல்லத்தில் எவரும் அவர்களைக் கூச வைத்ததில்லை என்பதே அதன் பொருள். நம் இல்லங்களில் வளரும் பெண்மக்களுக்கும் அந்த நிம்மதி வேண்டும். அதனைத் தர வேண்டியவர்கள் நாமே.