கிகேட் மென்பொருள்: பயன்பாட்டு எளிமை குறித்த விமர்சனம்

கிகேட் என்பது மின்சுற்றுப் படம் வரையவும், அதிலிருந்து அச்சிட்ட சுற்றுப்பலகையை (பிசிபி) வடிவமைக்கவும் உதவும் கட்டற்ற மென்பொருள். பிரான்சைச் சேர்ந்த ழான் பியர் ஷராஸ் இதை 1992இல் தொடங்கினார். 2013 முதல் செர்ன் ஆய்வு மையமும் இதன் வளர்ச்சிக்குப் பங்களித்தது. உரிமக் கட்டணம் இல்லை. பலகையின் பரப்புக்கும் வரம்பு இல்லை.

தேவையின் பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994 முதல் இயங்குகிறது. அருகிலுள்ள ஓசூர் வாகன, மின்னணுத் தொழில்களின் மையம். இத்தகைய இடத்தில் படிக்கும் மாணவருக்குப் பலகை வடிவமைப்பு வேலைக்கு உதவும் திறன். பல ஆண்டுகளாக மாணவர்கள் விரும்பிய ஈகிள் மென்பொருளின் இலவசப் பதிப்பு இரண்டு அடுக்கு, 80 சதுர செ.மீ. பலகையோடு நின்றுவிடும். 2026 ஜூன் 7க்குப் பிறகு அதற்கு விற்பனையோ ஆதரவோ இல்லை என ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆகவே கிகேட் கற்க எளிதா என்பது முக்கியமான கேள்வி ஆகிறது.

விசைகளின் முரண்

சுற்றுப்படத்தில் ஓர் உறுப்பை 'எம்' விசையால் நகர்த்தினால் கம்பிகள் அங்கேயே நின்றுவிடும். 'ஜி' விசையால் இழுத்தால் கூடவே வரும். பலகைப் பகுதிக்குச் சென்றால், தடத்தை வழக்கமான முறையில் இழுக்க 'டி' விசை வேண்டும். அதே 'டி' சுற்றுப்படத்தில் உறுப்பின் தரவுத்தாளைத் திறக்கும். விசைகளை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று புதியவருக்குத் தெரியாது.

குறியீடும் கால்தடமும்

இதைவிடப் பெரிய சிக்கல், சுற்றுப்படக் குறியீடும் பலகையில் அமரும் கால்தடமும் தனித்தனியாக இருப்பது. இதற்கு நியாயம் உண்டு: ஒரே மின்தடைக் குறியீட்டைத் துளை வழிப் பொருத்தும் உறுப்புக்கும், பரப்பில் ஒட்டும் உறுப்புக்கும் பயன்படுத்தலாம். ஆனால் டிரான்சிஸ்டரில் இது ஆபத்து. பிசி547இன் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசையில் உள்ளன. அதே வடிவ உறையில் வரும் 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பொதுக் குறியீட்டில் வரிசையைத் தவறாகத் தேர்ந்தால் பலகையில் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறும். இணைப்புகள் எல்லாம் முறையாக இருப்பதால் மின்விதிச் சோதனையும் வடிவமைப்பு விதிச் சோதனையும் பிழை காட்டா. பலகை செய்து வந்து, பற்றவைத்த பின்புதான் தவறு தெரியும். அந்தச் செலவு மாணவருடையது. குறியீட்டையும் உறையையும் ஒரே உறுப்பாகக் கட்டிவைக்கும் ஈகிளின் முறை இந்த இடத்தில் பாதுகாப்பானது.

திருந்திய குறைகள்

கிகேட் விமர்சனத்துக்குச் செவிசாய்க்காத மென்பொருள் அல்ல. முன்பு ஒரே பலகைக்கு வெவ்வேறு வரைதளங்கள் இருந்தன. சில கட்டளைகள் ஒன்றில் மட்டுமே இயங்கின. 2019இல் வந்த 5.1 பதிப்பு அந்தக் குழப்பத்தைப் பெருமளவு நீக்கியது. நெட்லிஸ்ட் கோப்பை எழுதி, மறுபுறம் படிக்க வைக்கும் வேலைக்குப் பதிலாக, 'எஃப்8' விசை ஒன்றே பலகையைப் புதுப்பிக்கும் வசதி வந்தது. ஈகிள் கோப்புகளையும் திறக்க முடிகிறது.

மதிப்பீடு

கிகேட் திறமையில் குறைந்ததல்ல. அது தேர்ந்தவரின் வேகத்துக்காக வளர்ந்த அளவுக்குப் புதியவரின் தவறுகளைத் தடுக்க வளரவில்லை. பொதுக் குறியீட்டைத் தேர்ந்ததும் கால் வரிசையைச் சரிபார்க்கச் சொல்லும் ஓர் எச்சரிக்கை பல பலகைகளைக் காப்பாற்றும். அது வரும்வரை ஒரு பழக்கம் தேவை: பலகையைச் செய்யக் கொடுக்கும் முன், கால்தடத்தை 100 விழுக்காடு அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கிய உறுப்பை அதன் மேல் வைத்து, தரவுத்தாளோடு ஒவ்வொரு காலையும் ஒப்பிட வேண்டும்.