பொதிகை மண்ணில் முளைத்த வெற்றிலை

தாமிரபரணியை ஒருமுறையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும். பாபநாசத்தில் குளித்துவிட்டுத் திரும்புவதையோ, திருச்செந்தூர் போகிற வழியில் பஸ் ஜன்னலில் எட்டிப்பார்ப்பதையோ நான் சொல்லவில்லை. மலையடியில் தொடங்கி, அணைக்கட்டு அணைக்கட்டாக இறங்கி, புன்னைக்காயலில் கடல் வாயைத் தொடுகிறவரைக்கும் போக வேண்டும். ஆற்றின் நீளமே ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். அதற்குள் இத்தனை தலைமுறைகளின் உழைப்பை வைத்திருக்கும் ஆற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. போய்வந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பூர்வீகம் ஆத்தூர். ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். தாத்தா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அகத்தி நட்டு, அதில் கொடி ஏற்றிவிட்டு, காலடியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளும் விவசாயம் அது. 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் கல்யாணக் களை வந்துவிட்டது. ஆச்சி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “வெத்தலையில என்னலே இருக்கு, எல்லாம் மண்ணு. அந்த மண்ணும் நம்ம மண்ணு இல்ல, ஆறு மலையில இருந்து கொண்டாந்து போட்டது” என்றாள். அந்தப் பேச்சுதான் என்னையும் சித்தப்பாவையும் ஆற்றோடு கிளப்பியது.

உற்பத்தியாகும் இடம் பொதிகைமலைக் காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஏற முடியாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அது. அதனால் பாபநாசம் படித்துறையிலிருந்தே தொடங்கினோம். பொரி தூவினால் கைக்கருகே வந்து மொய்க்கும் அந்தப் பெரிய மீன்களைப் பார்த்ததும் சித்தப்பா சின்னப்பிள்ளை ஆகிவிட்டார். தண்ணீரின் குளிர்ச்சியை நான் வருணிக்கப்போவதில்லை. இறங்கிப் பாருங்கள், அவ்வளவுதான்.

இந்த ஆற்றின் பெரும் பாக்கியம், இரண்டு மழையும் இதற்குக் கிடைப்பது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலை உச்சியில் கொட்டுகிறது. கீழே சமவெளியில் ஒரு சொட்டு விழாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. முதல் தண்ணீருக்குக் கார் சாகுபடி, அடுத்த தண்ணீருக்குப் பிசானம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலைச் சேரும் வற்றாத ஆறு என்று இதைச் சொல்வார்கள். அந்த வற்றாமைக்குக் காரணம் இந்த இரட்டை மழை.

ஆனால் மழை மட்டும் பெய்து என்ன செய்ய? வருகிற தண்ணீரை மறித்துத் திருப்பிவிட ஆள் வேண்டுமே. நான் மயங்கிப்போன இடம் இதுதான். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள். கடைசியாக இருக்கும் ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் ஆட்சியில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. வானுயர்ந்த அணைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இவை இடுப்புயரம், ஆளுயரம் என்று கிடக்கும் கல் கட்டுகள். ஆற்றை நிறுத்துவதில்லை. கொஞ்சம் மட்டம் ஏற்றி, பக்கத்துக் கால்வாய்க்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தலைக்குமேல் வழியவிடுகின்றன. வழிந்த தண்ணீர் அடுத்த ஊருக்கு. அந்த அடக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுக்கவே இல்லை.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்கிறார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பொன்னை நல்ல காரியத்துக்குச் செலவிட நினைத்து அகத்தியரிடம் வழி கேட்டாராம். ஒரு பசுவின் பின்னால் போ என்றாராம் முனிவர். அது நடந்த வழியெல்லாம் கால்வாய், கோமியம் பெய்த இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. மாடு மேட்டில் முட்டிக்கொண்டு ஏறாது. சரிவோடு சாய்ந்து சாய்ந்துதான் நடக்கும். கருவி ஏதும் இல்லாத காலத்தில் நிலத்தின் வாட்டத்தைப் படிக்க அதைவிட நல்ல வழி எது? கதை நடந்ததோ இல்லையோ, அதைச் சொன்னவர்களுக்கு நிலம் தெரிந்திருக்கிறது. கால்வாய்க் கரையில் நடந்தால் உங்களுக்கும் தெரியும்: எங்கேயும் தண்ணீர் அவசரப்படவில்லை, எங்கேயும் தேங்கவும் இல்லை.

வழியில் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்துக் கிழித்து, பட்டுப்போல் பாய் நெய்யும் ஊர். ஒரு வீட்டுத் திண்ணையில் விரித்துக் காட்டினார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடலாம் போலிருந்தது.

திருநெல்வேலியில் நான் அதிகம் நிற்கவில்லை. நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. குறுக்குத்துறை முருகனை மட்டும் கும்பிட்டேன். ஆற்றுக்குள்ளேயே கோயில், பெருவெள்ளத்தில் முழுகி, வடிந்ததும் திரும்ப வெளியே வந்து நிற்கும். பிறகு வண்ணார்பேட்டைப் பக்கம் சுலோச்சன முதலியார் பாலம். 1843-ல் திறந்த பாலம், ஒரு தனிமனிதர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்தது. இன்றைக்கும் அதன்மேல் பஸ் ஓடுகிறது.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேர்கிறது. முக்கூடற்பள்ளு பாடிய முக்கூடல் இந்த இடந்தான். நெல் விதைகளின் பெயரையும் மாட்டு வகைகளையும் வெள்ளத்தில் வந்த மீன்களையும் அடுக்கிக்கொண்டே போகிற இலக்கியம் ஏன் இங்கே பிறந்தது என்று கரையில் நின்றால் தானாகப் புரியும். கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்.

அங்கிருந்து மருதூர். எட்டில் எனக்கு மிகப் பிடித்த அணைக்கட்டு இது. ஆற்றை நேராக வெட்டாமல் வளைந்து வளைந்து நீண்டு கிடக்கிறது; ஒரு பக்கம் மேலக்கால், மறுபக்கம் கீழக்கால். மடையருகே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், அந்தப் பகுதிக்கு நீர்பாய்ச்சி, எங்களை விசாரித்தார்.

“எந்தூரு தம்பி?”

“ஆத்தூர், அண்ணாச்சி. தாத்தா கொடிக்கால் வச்சிருந்தாவ.”

“ஆத்தூரா! அப்ப நீங்க கடைமடைல்லா. நாங்க விட்டாத்தான் ஒங்களுக்கு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “விட்டுருக்கோம்லா? இல்லன்னா ஒங்க தாத்தா எங்க வெத்தலை போட?”

எனக்குப் பேச்சு வரவில்லை. பெயர் தெரியாத எத்தனை பேர் மடையைச் சரியான நேரத்தில் அடைத்ததால் என் தாத்தா கொடிக்கு ஈரம் கிடைத்திருக்கிறது! பரம்பரை என்றால் ரத்தம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குச் சொந்தக்காரர்கள் நூறு மடங்கு கூடிப்போனார்கள்.

ஆதிச்சநல்லூருக்கு வந்தபோது வெயில் உச்சியில். 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பார்த்தது, பிறகு அலெக்சாண்டர் ரீ தாழி தாழியாக எடுத்தது, 2004-ல் மறுபடி அகழ்ந்தது எல்லாம் படித்துத்தான் போனேன். தாழிகள் கிடக்கும் குழியின்மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே முன்னோர்கள். இருந்தாலும் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஊர்க்காரர்கள் பரம்பு என்று சொல்லும் அந்தச் செம்மேட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் பார்த்தால் பசேலென்று வயல். தண்ணீர் ஏறாத மேட்டில் இறந்தவர்கள், தண்ணீர் ஏறும் பள்ளத்தில் நெல். ஒரு பிடி நஞ்சை மண்ணைக்கூட இடுகாட்டுக்குக் கொடுக்காத மனிதர்கள்! அக்கரையில் கொஞ்சம் தள்ளியிருக்கும் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லைச் சோதித்து, அதன் வயது ஏறத்தாழ 3,200 ஆண்டுகள் என்று 2021-ல் அறிவித்தார்கள். போகிறவருக்கு நெல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சிவகளையைச் சுற்றி இன்றைக்கும் நெல்தான். இதைவிட நீண்ட குடும்ப மரத்தை யார் எனக்குக் காட்டிவிட முடியும்?

ஸ்ரீவைகுண்டம் தாண்டினால் வாழைத் தோட்டங்கள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் உறங்காப்புளி. எல்லாம் பாருங்கள். ஆனால் கொற்கையைத் தவறவிட்டுவிடாதீர்கள். சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறைமுகம், இன்று கடலே கண்ணுக்குத் தெரியாத கிராமம். கால்டுவெல் வந்து தோண்டிப் பார்த்த இடம். ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டு பழையகாயலுக்குப் போனது. அதுவும் தூர்ந்ததும் புன்னைக்காயல். மார்க்கோ போலோ எழுதிய காயல் இந்தப் பழையகாயல்தான் என்கிறார்கள். புன்னைக்காயலில்தான் அண்டிரிக் பாதிரியாரின் தமிழ்ப் புத்தகம் 1586-ல் அச்சானது.

பழையகாயல் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் சித்தப்பா தோளைத் தட்டினார். “பாத்தியாடே, ஆச்சி சொன்னது சரிதான். இந்தப் பக்கம் மண்ணு பூரா வந்தேறி மண்ணு.” ஆமாம்! பொதிகையின் பாறை கரைந்து, எட்டு அணைக்கட்டு தாண்டி, ஆதிச்சநல்லூர் தாழிகளைக் கடந்து வந்து படிந்ததுதான் தாத்தாவின் கொடிக்கால். நாங்கள் ஊர் பார்க்கக் கிளம்பியதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு முன்பே எங்கள் நிலம் அதே வழியில் வந்துவிட்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆத்தூர் வெற்றிலை வாங்கி மென்றேன். அந்தக் காரம்! மலையையே வாயில் போட்ட மாதிரி.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டம் துரவெல்லாம் தண்ணீர். கொண்டுவந்து போட்ட ஆறே ஒரு ராத்திரியில் அள்ளிக்கொண்டும் போகும். ஆச்சி அழுதாள்; ஆனால் ஆற்றை ஒரு வார்த்தை வையவில்லை. தண்ணீர் வடிந்த மறுவாரமே சனங்கள் அகத்தி விதைக்க ஆள் தேடினார்கள்.

போகிறவர்கள் ஐப்பசி கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். தை, மாசியில் போனால் பிசான அறுப்பு, பொங்கல் கரும்பு, கரையோரமெல்லாம் நெல் மணம். கார் நடவு பார்க்க ஆசைப்பட்டால் ஆனி. அம்பாசமுத்திரம்வரை ரயிலில் போய், அங்கிருந்து கீழே டவுன் பஸ்ஸிலேயே இறங்கலாம். கார் வைத்துப் பறக்காதீர்கள். பாலத்தை மட்டும்தான் பார்ப்பீர்கள், கால்வாய்க் கரையைப் பார்க்க மாட்டீர்கள். அணைக்கட்டு எங்கே என்று டீக்கடையில் கேளுங்கள், கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். வருகிற சாரலில் நானும் சித்தப்பாவும் குற்றாலத்தில் தொடங்கிச் சிற்றாற்றோடு சீவலப்பேரிவரை போகப்போகிறோம். ஆச்சி இந்தமுறை தானும் வருவேன் என்று சேலை எடுத்துவைத்துவிட்டாள்.