வீணையின் கீழ்த் தந்திகளைக் கேட்பது எப்படி?

வைகுண்ட ஏகாதசியின் இராப்பத்து நாட்களில், ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் இரவு மூலஸ்தானம் திரும்புகையில் வீணை வாசிப்பார்கள். வீணை ஏகாந்தம் என்பார்கள். சேவிக்க வருபவர்களில் பலருக்கு அது பின்னணி ஓசைதான். அடுத்த முறை போனால் கொஞ்சம் காதையும் கொடுத்துப் பாருங்கள், அதிலும் கீழ்த் தந்திகளுக்கு.

வாசிப்புத் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். முதல் இரண்டும் எஃகு; துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். விஷயமெல்லாம் மற்ற இரண்டில்தான். நீளமும் முறுக்கும் மாறாமல் ஒரு ஸ்தாயி இறங்க வேண்டுமானால், தந்தியின் எடை நான்கு மடங்காக வேண்டும். அதற்காகத் தடித்த எஃகுக் கம்பியைக் கட்டினால் அது விறைத்துக்கொள்ளும். உள்ளே ஒலிக்கும் மேற்சுரங்கள் சுருதியை விட்டு ஏறி, நாதம் மொட்டையாகிவிடும். பழைய வழக்கத்தில் பித்தளை போட்டதற்கு இதுவும் காரணம். இப்போது பலர் மெல்லிய கம்பிமேல் இன்னொரு கம்பி சுற்றிய தந்தி போடுகிறார்கள். டபுள் பேஸிலும் இதே உபாயம்தான்.

சுற்றுத் தந்தி கணீரென்று வெகுநேரம் நிற்கும். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போகும் ஜாரு பிடிக்கும்போது விரல் சுற்றில் உரசி 'சரக்' என்று கேட்கும். பித்தளையில் அந்த உரசல் இல்லை. குரல் சற்றுக் கம்மல். வீணைக்கு அந்தக் கம்மல்தான் அழகு என்பது என் கட்சி.

வைணிகர் பக்கத்தில் எண்ணெய்ப் பஞ்சு இருக்கும். விரல் வழுக்க அது வேண்டும். அதே எண்ணெய் தூசியோடு சுற்றின் இடுக்கில் போய் அடைகிறது. தந்தி அங்கங்கே கனத்துப்போக, வெறும் தந்தியில் சரியாக நின்ற சுருதி பன்னிரண்டாவது மெட்டில் பிசகும். பக்கத்துத் தாளத் தந்தி ஷட்ஜத்தோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

கைப்பேசியில் கேட்டு முடிவுகட்டாதீர்கள். மூன்று கட்டைச் சுருதியில் அனுமந்தரப் பஞ்சமம் நொடிக்குச் சுமார் 62 அதிர்வு. அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் அதைத் தர முடியாது. மைக் இல்லாத கூடத்தில், குடத்துக்கு நேரே உட்காருங்கள். மந்தரத்தை இழுத்து ஒரு கமகம் போனதும் வைணிகர் சுருதி கூட்டும் பிரடையைத் தொட்டால் முகம் சுளிக்க வேண்டாம். பித்தளை இழுத்தால் கொஞ்சம் நெகிழும். மாற்றிக் கட்டிய புதுத் தந்தியாயிருந்தால் இன்னும் இரண்டு பாட்டுக்கு அப்படித்தான்.