கணினியும் கர்ணமும்: உள்ளூர்த் திட்டமிடல் குறித்துச் சில குறிப்புகள்

1

உளுந்தூர்பேட்டையைத் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு ஒரு நிறுத்தமாகத்தான் தெரியும். சென்னையிலிருந்து திருச்சி போகிற சாலையில் சேலத்துக்குப் பிரிகிற இடம். பஸ் நின்றால் டீ குடிக்கலாம், ஒன்றுக்குப் போகலாம். நான்குவழிச் சாலை வந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. வண்டிகள் ஊரைத் தொடாமலே ஒதுங்கிப் போய்விடுகின்றன. செங்குறிச்சிச் சுங்கச்சாவடியில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வேண்டும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து கண்ணாடியில் ஒட்டிய பட்டையை இயந்திரமே படித்துக்கொள்கிறது. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போனது, எவ்வளவு கட்டியது எல்லாம் அந்த நொடியிலேயே பதிவாகிவிடுகிறது.

அதே சாலையிலிருந்து இறங்கி இந்தப் பக்கத்துச் சிற்றூர் ஏதாவது ஒன்றுக்குள் போய், 'இந்தத் தெருக் குழாயில் போன வாரம் எத்தனை நாள் தண்ணி வந்தது' என்று கேட்டுப் பாருங்கள். குடம் தூக்குகிற பெண்கள் உடனே சொல்வார்கள். கணினியில் தேடினால் கிடைப்பது கஷ்டம். எண்ணுவதற்குக் கருவி இல்லாமல் இப்படி ஆகவில்லை. எதை எண்ணலாம், எதை எண்ண வேண்டாம் என்பதை வேறு யாரோ, வேறு எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். 'தகவல் தொழில்நுட்பத்தின் வழி உள்ளூர் வளர்ச்சி' என்று இன்று எல்லாத் தரப்பும் பேசுகிற சொல்லாடலை இந்த இடத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. எனக்கு முன்னால் ஒரு கிழவி. முந்தானையில் முடிந்துவைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து, மடிப்புக்கு மடிப்பு கிழிந்த ஒரு மனைப்பட்டாவை எடுத்துக் கொடுத்தார். அவர் குடியிருக்கும் தெருவில் முப்பது வீடுகள் இருக்குமாம். அது வழியாகச் சாக்கடைக் கால்வாய் வரப்போகிறது என்று பேச்சு. வீடு போய்விடுமா என்று கேட்க வந்திருக்கிறார். திரைக்கு முன்னால் இருந்த பையன் நல்லவன்தான். பொறுமையாகத் தேடினான்.

"ஆயா, கம்ப்யூட்டர்ல ஒங்க பேரு வரல. வாய்க்கா பொறம்போக்குன்னு காட்டுது."

"வரலன்னா?"

"அப்பிடி ஒரு மனையே இல்லன்னு அர்த்தம் ஆயா."

"மனை இல்லாம நாப்பது வருசமா எங்க தம்பி குடியிருந்தன்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும். நான் ஊர்த்தெருவில் பிறந்தவன். எங்கள் வீட்டுப் பட்டா கணினியில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. அதனால் சிரிக்க முடிந்தது.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. இயந்திரமும் பொய் சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார். இயந்திரம் அந்த வெற்றிடத்தை மிக நேர்மையாகக் காட்டுகிறது. சிக்கலே இந்த நேர்மையில்தான் இருக்கிறது.

3

அந்த 'யாரோ'வுக்கு ஒரு வரலாறு உண்டு. கிராமக் கணக்கு என்பது கர்ணத்தின் கையில் இருந்தது. 'கர்ணம் எழுதினதுதான் எழுத்து' என்பார் என் தாத்தா. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்களில், பெரும்பாலும் ஆதிக்க சாதிக் குடும்பங்களில், சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் வழி ஒழித்தது. அவர்கள் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இது சின்ன விஷயமல்ல. ஆனால் பதவி போனது, ஏடு கைமாறியது, ஏட்டில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் முழுப் பெயரைக் கிராமத்தில் யாரும் சொல்வதில்லை. 'யூடிஆர்' என்பார்கள். அதையும் பெரும்பாலும் 'யூடிஆர் தப்பு' என்று சேர்த்தே சொல்வார்கள். இந்தப் பதிவுகள்தாம் பிறகு 'தமிழ்நிலம்' மென்பொருளுக்குள் ஏற்றப்பட்டன. காகிதத்தில் பிழையாக இருந்தது திரையில் தரவு ஆனது.

1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கையிலிருந்து தொடங்கிய அந்தக் கதையையும், 1994 அக்டோபரில் காரணை நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்ததையும் இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலங்களின் நிபந்தனையைக் காட்டும் குறிப்பு எண்பதுகளின் பதிவுகளில் பல ஊர்களில் விடுபட்டுப் போனது என்பது தலித் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. விடுபட்ட குறிப்பைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்?

கர்ணத்தின் காலத்தில் அதிகாரத்துக்கு ஒரு முகம் இருந்தது. அவர் வீட்டுத் திண்ணை எது என்று தெரியும். பயந்துகொண்டாவது போய்க் கேட்கலாம், முதுகுக்குப் பின்னால் திட்டலாம், ஊரே கூடி அவர்மேல் மனுப் போடலாம். திரையில் எழுதியவனின் கை மறைந்துவிடுகிறது. 'கம்ப்யூட்டர் காட்டுது' என்ற வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பாருங்கள். யாரும் செய்யாத ஒரு செயலாக அநீதி தன்னை முன்வைத்துக்கொள்கிறது.

கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் இதற்கு ஒரு பெரிய உதாரணம். ஏறத்தாழ இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, கிராமக் கணக்கரின் பிடியிலிருந்து விவசாயியை விடுவித்ததாக உலக வங்கிவரை பாராட்டப்பட்ட திட்டம். 2007இல் சாலமன் பெஞ்சமினும் அவருடைய குழுவினரும் பெங்களூரின் புறப்பகுதிகளில் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. லஞ்சம் ஒழியவில்லை, கூடியது. வேலை முடியும் காலமும் நீண்டது. பதிவுகள் ஓரிடத்தில் குவிந்ததால் பெருநிலம் வளைப்பவர்களுக்கு வழி எளிதானது. வளர்ச்சித் திட்டங்களை 'அரசியல் நீக்க எந்திரம்' என்று லெசோத்தோ நாட்டை வைத்து ஜேம்ஸ் ஃபெர்குசன் 1990இல் எழுதினார். அந்தச் சொல்லையே இவர்கள் 'பூமி'க்கும் பொருத்திக் கேட்டார்கள். நிலம் யாருக்கு என்பது ஓர் அரசியல் கேள்வி. அது சான்றிதழ் எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்ற சேவைக் கேள்வியாக மாற்றப்பட்டது.

4

அப்படியானால் கணினியைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் ஓர் அனுபவம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. எந்தத் தகவல் வேண்டும் என்று முதலில் ஊர்க்காரர்களிடம் கேட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவர்கள் அலை உயரம் வேண்டும் என்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அதை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்த காலையில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு மக்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரையே கூப்பிட்டு மேட்டுக்கு அனுப்பினார்கள். கணினியைவிட ஒலிபெருக்கிக்கு அங்கே அதிக வேலை என்பதைக் கவனிக்க வேண்டும். தகவல் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

இதே திட்டத்தின் இன்னொரு மையம் ஏம்பலத்தில் ஒரு கோயில் கட்டடத்தில் இருந்தது. 2000இல் ஒரு அமெரிக்க நாளேடு அதைப் பற்றி வியந்து எழுதியது. கோயிலுக்கு இரண்டு கதவுகள். ஒன்று சாமிக்குப் போவது. தலித்துகளும் தீட்டான பெண்களும் நுழையக் கூடாது. இன்னொன்று கணினிக்குப் போவது, யாரும் நுழையலாம். பழமையும் புதுமையும் ஒரே கூரையின் கீழ் என்கிற பெருமிதம் அந்தச் செய்தியில் இருந்தது. இரண்டாம் கதவு திறந்தது நல்ல காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் கதவைத் தொடாமலே இரண்டாவதைத் திறக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் வளர்ச்சிச் சொல்லாடல் முழுவதும் நிற்கிறது. ஒரு நகரத்தின் முழுமைத் திட்டத்தை இப்படிப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போட முடியாது. எந்தத் தெருவின் சாக்கடை எந்தத் தெருவில் போய் முடிகிறது, சுடுகாட்டுப் பாதை யார் வாசல் வழியாகப் போகிறது என்பவை முதல் கதவின் கேள்விகள்.

5

வரிசை முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாச்சேரி ஊராட்சியில், தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்கள் ஊர்க்காரர்களோடு நடந்து நடந்து தங்கள் நிலத்தையும் நீரையும் வரைபடமாக்கினார்கள். 1996இல் மக்கள் திட்டம் வந்தது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளுக்கென்று ஒதுக்கினார்கள், கிராம சபைகள் கூடி விவாதித்தன. அதற்குப் பிறகுதான், 1999இல், 'இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்' என்ற கணினித் திட்டம் வந்தது. முதலில் கால், பிறகு பணம், பிறகு வாய், கடைசியில் கணினி. அங்கும் ஆதிவாசிகள் இந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்கள், 2003இல் முத்தங்கா நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ராஜஸ்தானில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் நடத்திய மக்கள் விசாரணையில் எந்தத் தொழில்நுட்பமும் இல்லை. கூலிப் பட்டியலைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். பட்டியலில் இருந்த பொய்கள் அங்கேயே வெளியே வந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டம்வரை போன பாதையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

இங்கே வரிசை தலைகீழ். உளுந்தூர்பேட்டை 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. 1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கென்று வகுத்த பட்டியலில் முதல் வரியே நகரத் திட்டமிடல்தான். முப்பது வருஷம் கழித்து, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபைகள் முதன்முதலாகக் கூடின. அதற்குள் ஆன்லைன் வரி, ஆன்லைன் அனுமதி, ஆன்லைன் சான்றிதழ் எல்லாம் வந்துவிட்டன. வாய் திறப்பதற்கு முன்பே கணினி வந்தாகிவிட்டது. அதனால் அது நம்மை விண்ணப்பதாரராகவும் பயனாளியாகவும் மட்டுமே அறிகிறது. திட்டமிடுகிறவராக நாம் உட்கார அதில் ஓர் இருக்கை இல்லை.

பெரிய நகரங்களில் 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தின் கீழ் செயற்கைக்கோள் படங்களை அடிப்படையாகக் கொண்டு முழுமைத் திட்டம் போடும் முறை வந்தது. இன்றில்லாவிட்டால் நாளை எங்களைப் போன்ற ஊர்களுக்கும் அது வரும். வானத்திலிருந்து பார்த்தால் கூரை தெரியும். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற கோடு தெரியாது. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் கணினியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது ஒரு நொடி வேலை. குழாயை நீட்டவும் சாக்கடையின் திசையை மாற்றவும் அந்த நொடி போதாது. பழைய பெயர் போன பிறகு, எந்தத் தெருவுக்கு இத்தனை காலம் எதுவும் போகவில்லை என்று தேடிக் கண்டுபிடிக்கிற வழியும் சேர்ந்தே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணப்படுவது எப்போதும் நன்மை என்றும் சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை 1976வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகும் அரசின் கண்ணுக்கு அந்த மலை முதலில் சாராய ஊறலாகத்தான் தெரிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் கொன்ற பிறகுதான், மலைவாழ் மக்களின் சாலையையும் பள்ளியையும் மருத்துவத்தையும் பற்றி உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. கண்காணிக்கிற கண்ணும் திட்டமிடுகிற கண்ணும் ஒன்றே என்று நம்பிவிடக் கூடாது.

6

தொண்ணூறுகளில் நாம் ஃபூக்கோவைப் படித்தோம். அறிவு, அதிகாரம், கண்காணிப்பு என்று எழுதிக் குவித்தோம். நம்மில் எத்தனை பேர் ஒரு அடங்கலையோ அ-பதிவேட்டையோ கையில் எடுத்து வாசித்திருப்போம்? நான் வாசித்ததில்லை. அந்தக் கிழவியின் கேள்விக்குப் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

மூன்று கோரிக்கைகளை விவாதத்துக்கு வைக்கிறேன். ஒன்று: எந்தக் கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதை ஏரியா சபை முடிவு செய்ய வேண்டும். குழாயில் தண்ணீர் வந்த நாள், தேங்கிய சாக்கடை, விளக்கில்லாத கம்பம் இவற்றுக்கு ஒரு பத்தி போடச் சொல்லித் தீர்மானம் எழுதலாம். இரண்டு: கணினியில் இருக்கிற தெருப் பட்டியலையும் வரைபடத்தையும் அச்செடுத்து அந்தந்தத் தெருவில் ஒட்ட வேண்டும், ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். கோயில் விழாவுக்குக் கட்டுகிற குழாய் ரேடியோவே போதும். மூன்று: கணினியில் பெயர் இல்லையென்றால், இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு அலுவலகத்துடையதாக இருக்க வேண்டும். நாற்பது வருஷம் ஓரிடத்தில் குடியிருந்தவர் தான் இருந்ததை நிரூபிக்க அலையக் கூடாது.

அடுத்த ஏரியா சபைக்கு எங்கள் வார்டின் அளவைப் படத்தோடு சில நண்பர்கள் போவதாக இருக்கிறோம். ஊர்த்தெரு ஆட்களும் அந்தப் பக்கத்துத் தெரு ஆட்களும் சேர்ந்து அந்தப் படத்தின்மேல் விரல் வைத்துப் பேசினால் முதல் பத்து நிமிஷத்திலேயே சண்டை வரும் என்று தெரியும். வரட்டும். மற்ற ஊர்களில் இருக்கிற நண்பர்களும் செய்து பார்த்து, என்ன ஆனது என்று எழுதினால் நல்லது.