வால்வுக்கு இருக்கும் அதிகாரம்

திருக்கழுக்குன்றம் மலைக்கு உச்சிப்பொழுதில் மணி தவறாமல் வந்துகொண்டிருந்த கழுகுகள் வராமல் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. இப்போது ஊருக்கு அப்படி மணி தவறாமல் வருவது கம்பெனி பஸ்தான். அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கார், உதிரிபாகம், மின்னணு ஆலைகளுக்குப் போகிறார்கள். 2022இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றபின், எந்தத் தொழில் நிலைக்கும் என்ற கவலை இந்தப் பக்கத்துப் பெற்றோருக்கு வந்திருந்தால் வியப்பில்லை. சாப்பாட்டுத் தொழில் படுக்காது என்று யாராவது சொன்னால் அதுவும் தவறில்லை. மாமண்டூரில் குளிர்பான ஆலை, சாலவாக்கத்தில் பால் ஆலை, சோழிங்கநல்லூரில் ஆவின், கடலோரத்தில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், உள்ளே வந்தால் அரிசி ஆலைகளும் கேன் தண்ணீர்க் கூடங்களும் என்று இந்த வட்டாரத்தில் வாய்க்குள் போகிற பொருளைச் செய்யும் இடங்களுக்குக் குறைவில்லை. அங்கே போகும் பிள்ளைகளுக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

ஐ.டி.ஐ.யில் உணவுப் படிப்பு தேடுகிறவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஓட்டல் சமையலறைக்கான பாடம். மாமல்லபுரம் கடற்கரையில் ரிசார்ட்டுகள் இருக்கும்வரை அந்தப் படிப்புக்கு வேலை உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருநூறு பேருக்குச் சாம்பார் வைப்பதும் மணிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் பாலைச் சூடாக்கிக் குளிர்விப்பதும் வேறு வேறு தொழில்கள். பால் பொருள், பழம் காய்கறிப் பதப்படுத்தல், பேக்கரி ஆகியவற்றுக்கு ஓராண்டுப் பாடத்திட்டங்கள் தேசிய அளவில் இருக்கின்றன. ஆனாலும் ஐ.டி.ஐ. என்றதும் வீட்டில் நினைவுக்கு வருவது ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும்தான். உணவு ஆலைகளும் இயந்திரத்துக்கு அவர்களையே எடுக்கின்றன, குளிரூட்டும் அறைக்கு ரெஃப்ரிஜரேஷன் படித்தவர்களை எடுக்கின்றன. பொருள் ஓடுகிற லைனில் நிற்பதற்கு பிளஸ் டூ முடித்தவர் போதும் என்பது பொதுவான நினைப்பு. அதையும் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார். இயந்திரத்தைத் தொட ஒரு படிப்பு வேண்டும், உணவைத் தொட எதுவும் வேண்டாம் என்ற இந்த ஏற்பாட்டை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் குறுகியகாலப் பயிற்சிகள் வந்தன. 2014இல் ஊரக இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய திட்டம், 2015இல் பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா, இங்கே மாநிலத் திறன் மேம்பாட்டுக் கழகம், 2022 முதல் 'நான் முதல்வன்' என்று பெயர்கள் நிறைய. கட்டணம் இல்லை. ஊரகத் திட்டத்தில் தங்கும் இடமும் உண்டு. வீட்டை விட்டு வெளியே போயிராத ஒரு பெண் அதன்மூலம் முதல் சம்பளம் வாங்குவது சிறிய விஷயமல்ல.

ஆனால் சில நூறு மணி நேரத்தில் கற்றுத்தரப்படுவது என்ன? ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ், பிஸ்கட். அதாவது செய்முறை. இதைச் சுயதொழிலுக்கென்று சொல்லிக் கற்றுக்கொடுத்தால் நியாயம் இருக்கிறது. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் கால்நடை வளர்ப்போருக்குப் பாலை மதிப்புக் கூட்டக் கற்றுத்தருவது அந்த வகை. மாடு வைத்திருப்பவருக்குப் பன்னீர் செய்யத் தெரிந்தால் மறுநாளே காசு. ஆலைக்குப் போகிறவனுக்குச் செய்முறையால் பயனில்லை. செய்முறை ஏற்கெனவே இயந்திரத்தில் பதிந்து கிடக்கிறது. அவன் அதைத் திறந்து பார்க்கவே முடியாது.

உணவு ஆலையில் முதலில் படிக்க வேண்டியது கழுவுவதுதான். பால் ஆலையில் ஓட்டம் முடிந்ததும் குழாய்களைக் கழற்றாமல் உள்ளுக்குள்ளேயே கழுவுவார்கள், சி.ஐ.பி. என்பார்கள். முதலில் தண்ணீர். பிறகு 70, 80 டிகிரிச் சூட்டில் காஸ்டிக் சோடாக் கரைசல். கொழுப்பும் புரதமும் அதில் போகும். மறுபடி தண்ணீர். அடுத்து நைட்ரிக் அமிலம். காரத்துக்கு அசையாத சுண்ணப் படிவு அதில் கரையும். மறுபடியும் தண்ணீர், கடைசியில் கிருமி நீக்கம். வரிசையை மனப்பாடம் செய்ய அரை மணி போதும். கரைசல் நீர்த்துப்போனால் என்ன ஆகும், எந்த முட்டுச் சந்தில் நீரோட்டம் எட்டாமல் பால் தங்கும், வெடிக்கத் தொடங்கிய கேஸ்கட்டை விரல் எப்படி அறியும், கடைசிக் கழுவலில் காரம் மிச்சமில்லை என்பதை எதை வைத்துச் சொல்வது என்பதெல்லாம் அதே குழாய்க்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றால்தான் கைவரும். எந்த வகுப்பறையும் அதைத் தர முடியாது. ஆபத்தும் அங்கேதான் புரியும். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு கடல் உணவு ஆலையில் அம்மோனியா கசிந்து ஏறத்தாழ 30 பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஐஸ் அறைக்குப் பின்னால் ஓடும் வாயு எது, அபாய மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது மீன் உரிக்க வந்தவருக்கும் பாடம்தான்.

ஆகவே ஆலைக்குள்ளேயே நடக்கும் பழகுநர் பயிற்சி, நம்மிடம் உள்ள முறைகளில் சிறந்தது என்பேன். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். 2016இல் வந்த ஊக்கத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், அரசு ஏற்றது. 2019 விதித்திருத்தம் படிப்புக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய்வரை குறைந்தபட்சத் தொகை வைத்தது. கல்லூரிக்குக் கட்ட முடியாத வீட்டில், கட்டணம் கேட்காமல் கையில் கொஞ்சம் கொடுத்துக் கற்றுத்தரும் ஏற்பாடு வேறு அதிகம் இல்லை.

குறை அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் இருக்கிறது. பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல என்கிறது அது. பாதுகாப்பு, வேலை நேரம் பற்றிய விதிகளும் விபத்து இழப்பீடும் அவருக்கு உண்டு. மற்றத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா. பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கணக்கிலும் அந்த நாட்கள் ஏறா. பயிற்சி முடிந்தபின் வேலை தர வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்குக் கிடையாது. பயிற்சி என்ற பெயரில் முழு ஷிஃப்ட் உற்பத்தி வாங்கிக்கொள்ள இதைவிட வசதியான ஏற்பாடு எது? 2013இல் தொழில்நுட்பக் கல்விக்கான ஒன்றிய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த 'நீம்' என்ற ஆலைப் பயிற்சித் திட்டம் அதே பழியைச் சுமந்து கடைசியில் கைவிடப்பட்டது.

பழகுநருக்கு உரிமை கேட்பதைத் தொழிற்சங்கக் கோரிக்கையாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. உணவுத் தொழிலில் இது சாப்பிடுகிறவரின் பிரச்சினையும்கூட. உணவுப் பாதுகாப்பு விதிப்படி வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ ஆறாத புண்ணோ உள்ளவர் உணவைக் கையாளக் கூடாது. எந்தப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லப்படுவது இது. ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி நோய் விடுப்பில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் பெறலாம். பழகுநருக்கு அந்த வழி இல்லை. வராத நாளுக்குப் பணம் பிடிக்கப்படும் என்று பயப்படுகிறவன் மாத்திரை போட்டுக்கொண்டு வருவான். விதி அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தே இருக்கும்.

இன்னும் நுட்பமான இடம் பாஸ்சரைசர். பால் 72 டிகிரியில் 15 வினாடி நின்றாக வேண்டும். சூடு குறைந்தால் எஃப்.டி.வி. எனப்படும் வால்வு தானே திரும்பி, பாலைப் பின்னாலிருக்கும் தொட்டிக்கே அனுப்பிவிடும். யாரிடமும் கேட்காது. உற்பத்தி இலக்கு, வாசலில் நிற்கும் டேங்கர், சூப்பர்வைசரின் முகம் எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது. அதன் பக்கத்தில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையன் பாக்கெட்டின் ஒட்டு பிரிவதையோ மூடிக்குள் ஏதோ மிதப்பதையோ பார்த்தால் லைனை நிறுத்த அவனுக்கு அந்த அதிகாரம் உண்டா? பார்க்கத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறோம். நிறுத்தினால் மறுநாள் வாசலில் நுழைவு அட்டை வேலை செய்யுமா என்று தெரியாத நிலையில் அவனை வைத்திருக்கிறோம். உணவு ஆலையின் முதன்மைத் திறன் மறுப்பது என்று நான் நினைக்கிறேன். அதைக் கற்றுத்தரும் பாடம் இருந்தாலும், பயன்படுத்தும் தகுதி பழகுநருக்குத் தரப்படவில்லை.

ஜெர்மனியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். காட்டுவது பெரும்பாலும் மூன்றாண்டுக் காலத்தையும் பள்ளிக்கும் ஆலைக்கும் இடையிலான பங்கீட்டையும். அங்கே பழகுநருக்குச் சமூகக் காப்பீடு உண்டு, பெரிய நிறுவனங்களில் இளையோருக்குத் தனிப் பிரதிநிதி உண்டு, இறுதித் தேர்வை நடத்துவது முதலாளி அல்ல, வணிகக் கழகம் என்பதைச் சொல்பவர் குறைவு. அங்கும் எல்லாம் செழிப்பில்லை. பேக்கரியிலும் இறைச்சிக் கடையிலும் பயிற்சி இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன.

நம் சட்டத்தின் கட்டாயம் எட்டாத பரப்பு வேறு இருக்கிறது. ஒன்றிய அரசின் கணக்கில் நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் அமைப்புசாராச் சிறு உணவுத் தொழிலகங்கள். உணவு பதப்படுத்தும் துறையின் வேலைவாய்ப்பில் 74 சதவீதம் அவற்றில்தான். முறுக்கு, அப்பளம், மசாலாப் பொடி, கேன் தண்ணீர். 30 பேர் எங்கே, நான்கு பேர் இருந்தால் பெரிது. 2020இல் வந்த குறு உணவு நிறுவனத் திட்டம் இயந்திரம் வாங்க 35 சதவீத மானியம் தருகிறது, முதலாளிக்குப் பயிற்சியும் தருகிறது. அங்கே கூலிக்கு நிற்கும் பிள்ளைக்கு என்ன என்று கேட்டால், 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஏற்பாட்டைக் காட்டுவார்கள். அது ஒரே நாளில் முடிந்துவிடும் வகுப்பு. தலையில் தொப்பி, கையில் உறை, சுவரில் சான்றிதழ். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவே.

கற்றுக்கொடுத்தால் பையன் பக்கத்துக் கம்பெனிக்கு ஓடிவிடுவான் என்ற முதலாளியின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. 2017இல் பிரிட்டன் அதற்கு வழியாக, ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் ஊதியம் தரும் நிறுவனங்களிடம் அரை சதவீதம் தீர்வை வாங்கத் தொடங்கியது. பயிற்சி தருகிறவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பணத்தில் ஒரு பகுதி இளைஞர்களைத் தாண்டி, ஏற்கெனவே வேலையில் இருந்த மேலாளர்களின் மேற்படிப்புக்குப் போனது. நாம் தீர்வை போட்டாலும் அந்த ஓட்டையை முதலில் அடைக்க வேண்டியிருக்கும்.

அதற்கெல்லாம் முன்னால் செலவில்லாமல் மாற்றக்கூடியது தேர்வு. ஜாம் காய்ச்சிக் காட்டச் சொல்வதை விட்டுவிட்டு, ஒரு ராத்திரி ஷிஃப்ட்டின் வெப்பப் பதிவுத் தாளைக் கையில் கொடுக்கலாம். அதிகாலை இரண்டே காலுக்குக் கோடு 70க்கு இறங்கி நான்கு நிமிடம் அங்கேயே கிடக்கிறது, வால்வு திரும்பியதாகக் குறிப்பு இல்லை. இந்தப் பாலை என்ன செய்வாய், யாரை எழுப்புவாய், என்ன எழுதி வைப்பாய்? பையன் சரியாகப் பதில் சொன்னால், அவனுக்குப் பயிற்சி கொடுத்த ஆலையின் பொறுப்பாளரையும் உள்ளே கூப்பிட்டு, உங்கள் இடத்தில் இவன் இதைச் செய்ய அனுமதி உண்டா என்று தேர்வாளர் கேட்க வேண்டும். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் போட வேண்டும்.